திருகோணமலைக் கரையிற் படகும் கடனும்

திருகோணமலை நகருக்கு வடக்கே உப்புவெளி, நிலாவெளி ஆகிய ஊர்களில், சித்திரை பிறந்து கடல் தெளிந்ததும், பிற நாடுகளிலிருந்தும் கொழும்பு, கண்டி முதலிய நகரங்களிலிருந்தும் வருவோர், புறாத்தீவின் பவளப்பாறைகளைப் பார்ப்பதற்கும், கோணேசர் மலைக்கு அப்பால் ஆழ்கடலில் உலாவும் திமிங்கிலங்களைக் காண்பதற்கும், தூண்டில் எறிந்து சூரையும் பாரையும் அறக்குளாவும் பிடித்து மகிழ்வதற்கும் படகு தேடுகின்றனர். வலைஞன் ஒருவன் இரவு முழுதும் கண்விழித்தும் சில வேளைகளிற் பெறாத வருவாயை, அவர்களை ஏற்றிச் செல்லும் படகுக்காரன் ஒரு காலைப்பொழுதிற் பெற்றுவிடுவதைக் கண்ட மீனவ இளைஞன், தானும் அத்தகைய படகு ஒன்றை வாங்கினால் என்ன என்று எண்ணுவது இயற்கையே. முழுப்பணம் கையில் இல்லை; ஆயினும் முதலில் ஒரு பகுதியைக் கட்டினால் எஞ்சியதைத் தாம் தருவதாகச் சொல்லும் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நகரத்தில் உள்ளன. பத்திரத்தில் அவன் கையொப்பம் இடலாமா, கூடாதா?

இந்தக் கேள்வி இன்றைய உல்லாசப் பயணத் தொழிலோடு பிறந்ததன்று. கடலில் மிதக்கும் ஒரு பொருளை வாங்கப் பணம் கொடுப்பவரும் பெறுபவரும் சந்தித்த நாள்தொட்டு, உலகின் எல்லாத் துறைமுகங்களிலும் இது கேட்கப்பட்டே வந்திருக்கிறது. திருகோணமலைக் கரையிலோ, அது ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு வேஷத்தில் வந்து, ஒவ்வொரு விதமான விடையைப் பெற்றிருக்கிறது. அந்த விடைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்குவோமாயின், வட்டி எத்தனை வீதம், தவணை எத்தனை மாதம் என்பனவெல்லாம் இரண்டாம் பட்சமாகி, கடல் நஷ்டத்தை உண்டாக்கும்போது அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பதே முதல் விஷயம் என்று தெளிவாகும். இக்கட்டுரையில் யான் நிலைநாட்ட விரும்புவது இதுவே.

முதலில் இந்தக் கடலின் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். கீழ்க்கரையின் ஆண்டு இரண்டு கூறுபட்டது. ஐப்பசி கடைக்கூறு தொடங்கித் தை வரை வீசும் வாடைக்காற்று, வங்காள விரிகுடாவின் அலைகளைத் திரட்டிக் கரைமேல் மோதுவிக்கும். மழையும் அப்பருவத்துக்கே உரியது. சில ஆண்டுகளிற் புயலும் உடன்வரும். மாசி, பங்குனியில் அது தணிந்து, சித்திரைக்குப் பின் கச்சான் வீசத் தொடங்கினால், அந்தக் காற்று மேற்கிலிருந்து தரையைக் கடந்து கடலை நோக்கிச் செல்வதாகையால், கரையோரக் கடல் புரட்டாசி வரை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். மேற்குக் கரையில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. கீழ்க்கரை அமைதியுற்றிருக்கும் மாதங்களில் நீர்கொழும்பும் சிலாபமும் கொந்தளிப்பில் இருக்கும். மலைகள் அரணாகச் சூழ்ந்த திருகோணமலையின் உட்துறைமுகம் மாத்திரம் எல்லாப் பருவத்திலும் கலங்களுக்கு அடைக்கலமாகும் தன்மையது. வல்லரசுகள் பலவும் அதன்மேற் கண்வைத்தமைக்குக் காரணமும் அதுவே. ஆயினும் துறைமுகத்துள் நங்கூரமிட்டுப் பத்திரமாக நிற்கும் படகு, பத்திரமாக நிற்கின்றதேயன்றி உழைக்கின்றதில்லை; அது உழைக்க வேண்டுமானாற் குடாவைக் கடந்து வெளிக்கடலுக்குச் செல்ல வேண்டும், வெளிக்கடலோ ஆண்டிற் பாதியே மனம் இசைவது.

கடலுக்குக் கொடுக்கும் கடன் தரையிற் கொடுக்கும் கடனைப் போன்றதன்று என்பதைப் பழைய நீதிநூலாசிரியர் நன்கு உணர்ந்திருந்தனர். கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரம், நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகாற் பணம் வட்டி பெறுவதே தர்மம் என விதித்து, வியாபாரிகளுக்கு 5 பணமும், காடு கடந்து செல்வோர்க்கு 10 பணமும், சமுத்திர யாத்திரை செய்வோர்க்கு 20 பணமும் வரை அனுமதிக்கின்றது. இவ்வளவு ஏற்றத்துக்குக் காரணம் ஆசை மாத்திரம் அன்று. காட்டுக்கும் கடலுக்கும் போன பணம் திரும்பாமற் போகக்கூடும் என்ற அபாயமும் அந்த வட்டியில் அடக்கம்.

இதே நியாயம் யவன தேசத்தில் இன்னும் நுட்பமாக விளங்கிற்று. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் எழுந்த ஒரு வழக்கின் வாயிலாக, அக்காலத்துக் கப்பற்கடன் பத்திரம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. கருங்கடலுக்குச் சென்று மீளும் யாத்திரைக்கு ஆயிரம் திராக்மாவுக்கு 225 திராக்மா வட்டி என்றும், சுவாதி நட்சத்திரம் வைகறையில் உதிக்கும் பருவத்துக்குப் பின்னர் அக்கடலினின்று புறப்படின் 300 என்றும் அதில் எழுதியிருந்தது. சுவாதி தோன்றியபின் அங்குக் கடல் கெடும். ஆகவே அபாயம் ஏற வட்டியும் ஏறிற்று. அவ்வாறு கூடுதல் வட்டி பெற்றவர், கப்பல் மூழ்கிவிட்டால் தம் முதலையும் இழக்கக் கடமைப்பட்டவர். கடனாளி உயிருடன் கரையேறினால் அவனிடம் அதைக் கேட்க அவருக்கு உரிமை இல்லை. சேர நாட்டு முசிறியிலிருந்து மேற்கே சென்ற ஹெர்மாபோலோன் என்னும் மரக்கலத்தின் சரக்கைக் குறித்த கிரேக்கப் பத்திரம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்று வியன்னா நகரிற் பாதுகாக்கப்படுகின்றது. கங்கைக்கரை நறுமணத் தைலத்தையும் யானைத்தந்தத்தையும் ஏற்றிச் சென்ற அந்த வியாபாரமும் கடன் ஒப்பந்தத்தின் மேலேயே நடந்தது. தமிழர் கடலிலும் கடன் கலத்தோடு கூடவே பிரயாணம் செய்தது என்பதற்கு அது பிரத்தியட்சமான சான்று.

திருகோணமலைக்கு வருவோம். 1660ஆம் ஆண்டு, ஆன் என்னும் ஆங்கிலேயக் கப்பல், மசூலிப்பட்டினத்திற் புயலால் முறிந்த பாய்மரத்துக்குப் பதிலாக வேறொன்று நாட்டும்பொருட்டு மூதூரை அடுத்த கொட்டியாரக்குடாவில் வந்து தங்கியபோது, அதன் தலைவரும் அவர் மகன் இராபர்ட் நொக்ஸும் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டனர். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தப்பிச்சென்று எழுதிய நூலாற் கண்டி நாட்டின் சரித்திரம் நமக்குப் பெரிதும் விளங்கிற்று. நம் விஷயத்துக்கு வேண்டியது வேறொன்று. அந்தக் கப்பல் கிழக்கிந்தியக் கம்பனியின் வியாபாரத்துக்காக வந்தது. அக்கம்பனியோ பலர் பங்கிட்டுப் போட்ட முதலால் நடந்தது. கொட்டியாரத்துத் துரதிர்ஷ்டம் சிறைப்பட்டவர்களின் வாழ்நாளைப் பறித்ததாயினும், அதனால் உண்டான பணநஷ்டம் எந்த ஒரு குடும்பத்தின் கூரையையும் பிரிக்காமற் பலர்மீது பரவிப்போயிற்று. பங்கு என்பது நஷ்டத்தைப் பரப்பும் உபாயம் என்பதை அன்றைய வியாபாரிகள் தெரிந்திருந்தனர்.

நம்முடைய கரைகளிலும் எவரும் சாஸ்திரம் படிக்காமலே இவ்வுபாயம் வழங்கிவந்தது. கரைவலைத் தொழிலை உற்றுநோக்கினால் இது விளங்கும். வலையும், அதை இறக்கும் தோணியும், இரண்டு பக்கத்து நெடுங்கயிறுகளும், சம்மாட்டி எனப்படும் முதலாளியுடையவை; வலை போடுவதற்குரிய கடற்பகுதியைப் பாடு என்பர்; பலர் உரிமை கொண்ட பாட்டில் அவரவர் முறைப்படி வலை இறங்கும். தோணி அரைவட்டமாய்ச் சுற்றி வலையை இறக்கிவிட்டு வந்தபின், கரையில் இரு பக்கமும் நின்றவர்கள் கயிற்றைப் பற்றி அடியடியாகப் பின்னே சென்று இழுக்க, வெகுநேரத்தின் பின் மடி கரையேறும். மணலிலேயே மீன் விலைபோகும். கணக்கெழுதுவோன் விற்ற பணத்திலிருந்து அன்றைய செலவை முதலிற் கழிப்பான். எஞ்சியதிற் சம்மாட்டியின் பங்கு தனியே நிற்க, மீதி தொழிலாளர்க்குக் கூறுகூறாகப் பிரியும். வலையிறக்குவதை நெறிப்படுத்தும் மன்றாடிக்குச் சற்று அதிகம். சில கரைகளிற் கோவிலுக்கும் ஒரு கூறு எடுத்துவைப்பதுண்டு. மடியில் ஒன்றுமில்லாமற் போன நாளிற் கழிப்பதற்கும் இல்லை, பிரிப்பதற்கும் இல்லை. அன்று சம்மாட்டி வலையின் தேய்மானத்தை இழந்தான், தொழிலாளி தன் உடலுழைப்பை இழந்தான். ஒருவன் மற்றொருவனுக்குக் கடனாளி ஆகவில்லை.

இதனால் அந்த ஏற்பாட்டை ஒரு பொற்காலம் என்று யான் சொல்லவில்லை. வலை உடையவனுக்கும் தோள் உடையவனுக்கும் இடையே பங்கு எப்போதும் நியாயமாகப் பிரிந்ததும் இல்லை. வலையே இல்லாதவன் பரம்பரை பரம்பரையாக இழுப்பவனாகவே இருந்ததும் உண்டு. மேற்குக் கரையிலிருந்து கச்சான் காலத்தில் வந்து குச்சவெளி, புல்மோட்டை முதலிய கரைகளில் வாடி அமைத்துத் தொழில் செய்தவர்களுக்கும் உள்ளூராருக்கும் பாடுகளைப் பற்றிப் பிணக்குகளும் எழுந்தன. எனினும் ஒரு குணத்தை அதற்கு மறுக்க முடியாது. கடல் கொடுக்காத நாளிற் கணக்கும் தானே நின்றது.

அதற்கு அடுத்தாற்போல் முற்பணம் என்னும் வழக்கம். தனியே வள்ளமோ தூண்டில்வலையோ வைத்துக்கொள்ள விரும்பியவனுக்கு மீன் வாங்கும் முதலாளி பணம் கொடுப்பான். அதற்கு வட்டி என்று வெளிப்படையாக ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுக்கும் தேதியும் இல்லை. பிடித்த மீன் முழுவதையும் அவனுக்கே, அவன் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. வாடை மாதங்களில் அடுப்பு எரியாதபோது அரிசிக்கும், மகள் கலியாணத்துக்கும், வைத்தியத்துக்கும் பணம் தருபவனும் அவனே. விலையைக் குறைத்துக் கறக்கும் இந்தக் கடன் கண்ணுக்குத் தெரியாத விலங்கு என்று சீர்திருத்தவாதிகள் கண்டித்தது முற்றிலும் உண்மை. ஆயினும் அவர்கள் அதை ஒழிக்க எடுத்த முயற்சிகள் ஏன் பன்முறை தோற்றன என்று ஆராயின், முதலாளி பணத்தை மீட்பதிற் கடலின் பருவத்தைப் பின்பற்றினான், சர்க்காரும் வங்கியும் நாட்காட்டியைப் பின்பற்றின என்ற ஒரு காரணம் தவறாமல் முன்னிற்கும்.

இத்தனைக்கும் நடுவே, மீன் விற்றுப் பிழைக்க வேண்டிய அவசியமின்றிக் கடலை அநுபவிக்க மாத்திரம் படகு வைத்திருந்தவர்களும் இங்கு இருந்தனர். 1795இல் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றியது தொடங்கி 1957இல் இலங்கைக்குக் கையளித்தது வரை திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்தமையால், பாய்ப்படகோட்டமும் தூண்டில் விளையாட்டும் அதிகாரிகளின் பொழுதுபோக்காகத் துறைமுகத்தில் ஊன்றின. சீனக்குடாவில் அமைந்த கடல் தூண்டிலாளர் கழகம் அந்தப் பரம்பரையின் ஞாபகமாக விளங்குகின்றது. 1950களில் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் இக்கடலில் மூழ்கி ஆராய்ந்ததும், கோணேசர் மலையடியிற் பழைய கோவிலின் தூண்களையும் சிற்பங்களையும் வில்சன் கண்டதும், வேடிக்கைக்காகக் கடலிற் போகின்ற வழக்கத்துக்குப் புதிய பெருமையைத் தந்தன.

விளையாட்டுக் கலம் வாங்குவோரின் நிலைமை எத்தகையது என்பதற்கு நம்மவர் கட்டிய ஒரு கப்பலே உதாரணம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பலை, உலகைச் சுற்றிய அமெரிக்கப் பாய்ப்படகோட்டியான வில்லியம் அல்பர்ட் இராபின்சன் விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளுமே அதைச் சூயஸ் கால்வாய் வழியாகச் செலுத்தி 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்திற் கொண்டுபோய்ச் சேர்த்தனர். கட்டிய ஊராருக்கு அது வியாபாரக் கலம், சோறு போடுவது. வாங்கியவருக்கு அது மனோரதம். மனோரதத்துக்கு வாங்கிய கலம் ஓராண்டு சும்மா கிடந்தால் அவர் வருந்தலாம், பட்டினி கிடக்கமாட்டார். இன்றைய நிலாவெளி இளைஞனோ பிறருடைய மனோரதத்துக்காகக் கலம் வாங்கி, அதிலிருந்து தன் சோற்றைத் தேடுகின்றான். இரண்டு அபாயங்களும் அவன் ஒருவன் தலையில் ஏறுகின்றன. ஆதலின் அவன் விஷயத்திற் கூடுதல் நிதானம் வேண்டும்.

தவணைமுறைக் கடன் இக்கரைக்கு வந்த வரலாறு சுதந்திரத்துக்குப் பின்னைய இயந்திரமயமாக்கலோடு தொடங்குகின்றது. 1940ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டத்தையும், 1941இல் அமைந்த கடற்றொழில் திணைக்களத்தையும் அடுத்து, 1950களின் பிற்பகுதியில் அரசாங்கம் 28 அடி நீளமும் மூன்றரைத் தொன் நிறையும் உள்ள டீசல் இயந்திரப் படகுகளை வாடகைக் கொள்வனவு முறையில் மீனவர்க்கு வழங்கலாயிற்று. விலையில் ஒரு பகுதியை மானியமாகக் கழித்து, முன்பணம் பெற்று, எஞ்சியதை மாதாமாதம் அறவிடுவது ஏற்பாடு. அதே காலத்தில் நைலோன் வலையும் வந்தது. இவை இரண்டும் சேர்ந்து, முன்பு எட்டாதிருந்த தூரத்துக் கடலை எட்டச்செய்தன. மீன் பிடிபடும் அளவும் உயர்ந்தது. சேமமான துறைமுகம் உள்ள திருகோணமலை, கரையில் தூக்கிவைக்க முடியாத இத்தகைய கலங்களுக்கு மிகவும் பொருத்தமாயிருந்தது. 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனமும், அதற்கு முன் 1961இல் மக்கள் வங்கியும் தோன்றியமை, கடனுக்கும் சந்தைக்கும் அரசாங்கமே தோள்கொடுக்கும் என்ற நம்பிக்கையை வளர்த்தது.

திட்டத்தின் நோக்கம் உத்தமமானது. அது மீனவனுக்கு நன்மை செய்யவில்லை என்று ஒருவரும் சொல்லார். ஆயினும் தவணை நாடெங்கும் பல இடங்களில் நின்றுபோயிற்று. பிணை காட்டக்கூடியவருக்குப் படகு கிடைத்ததும், கடலுக்குப் போகின்றவன் அவரிடம் கூலிக்காரனாயிருந்ததும் ஒரு காரணம். இயந்திரம் பழுதாகி உதிரிப்பாகத்துக்காகக் காத்துக் கிடந்த வாரங்கள் மற்றொரு காரணம். அவற்றிலும் ஆழமான காரணம், பன்னிரண்டு மாதமும் ஒரே தொகையைக் கேட்ட பத்திரத்துக்கும், பாதி ஆண்டே பணம் தந்த கடலுக்கும் இடையே இருந்த பொருத்தமின்மை. கட்டாதவனை அதிகாரிகள் நாணயமற்றவன் என்றனர். உண்மையில் அவன் கையொப்பமிட்ட நாளிலேயே அந்தத் தவறு பத்திரத்துக்குள் எழுதப்பட்டிருந்தது.

பின்னர்க் கண்ணாடியிழைப் படகு வந்தது. 1967இல் நோர்வே நாட்டினர் உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் தொழிற்சாலை அதன் வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றது. பதினேழு பதினெட்டு அடி நீளமுள்ள அந்தப் பைபர் படகைச் சிலர் சேர்ந்து மணலில் இழுத்து ஏற்றலாம்; வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மூன்றரைத் தொன் படகோடு ஒப்பிட முதல் குறைவு. ஆகையால் கடனும் குறைவு. விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் நீதி இங்கு நன்கு பொருந்திற்று. திருக்கடலூர், சல்லி, சாம்பல்தீவு, கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்களில் அது வேரூன்றியதற்கும், இன்று உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்வதிலும் அதுவே பெரும்பான்மையாயிருப்பதற்கும் அதன் எளிமையே ஏது.

யுத்தகாலம் இந்தச் சரித்திரத்தில் ஒரு கறுத்த அத்தியாயம். 1983 முதற் கால் நூற்றாண்டுக்கு மேலாக, பாதுகாப்பு வலயங்களும், அனுமதிச் சீட்டுகளும், இரவிற் கடலுக்குப் போகத் தடையும், இயந்திர வலுவுக்கு வரம்பும் மாறிமாறி விதிக்கப்பட்டன. 2006இல் மூதூரும் சம்பூரும் போர்க்களமானபோது மக்கள் உடுத்த துணியோடு புறப்பட்டனர். படகுகள் கரையிற் கிடந்தன. அதற்கு இரண்டாண்டு முன்னர், 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறக்குறைய முக்காற் பங்கை அழித்தோ சேதப்படுத்தியோ விட்டிருந்தது. படகு போயிற்று, வாங்கிய கடன் போகவில்லை என்ற நிலைமைக்கு ஆளான குடும்பங்களின் துயரத்தை அளவிட்டு உரைத்தல் அரிது. தர்ம ஸ்தாபனங்கள் இலவசமாகப் படகு கொடுத்து உதவின, அது பாராட்டத்தக்கது. ஆனால் கேட்டவருக்கெல்லாம் கொடுத்த சில இடங்களில், முன்பு ஒருவன் படகில் நால்வர் பங்குக்குப் போன ஊரில் நால்வரும் படகுக்காரராகி, உடன்வர ஆளில்லாமற் போயிற்று; அவசரத்திற் கட்டிய சில கலங்கள் கடலுக்குத் தகுதியற்றனவாயும் இருந்தன. கடனும் இன்றிப் பங்கும் இன்றி வந்த படகு, தொழிலின் ஒழுங்கைக் குலைத்தது என்பதையும் மறைக்காது சொல்ல வேண்டும்.

2009இல் யுத்தம் ஓய்ந்தபின் தடைகள் படிப்படியாக நீங்க, பாதைகள் திறந்து, உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய வனமாகவும் பிரகடனம் செய்யப்பட்டிருந்த புறாத்தீவு அவர்களை ஈர்த்தது. 1980களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் டியூலிப் என்னும் கலத்தில் வந்து ஆராய்ந்த திமிங்கிலங்களும் இப்போது வருமானப் பொருளாயின. லீசிங் கம்பனிகள் கிழக்கெங்கும் கிளை விரித்தன. ஒரு கற்பனைக் கணக்கு வைப்போம். படகுக்கும் இயந்திரத்துக்கும் சேர்த்து மாதத் தவணை 40,000 ரூபாய் எனின், ஆண்டுக்கு 480,000 ரூபாய். பயணிகள் வருகின்ற பருவம் ஆறு மாதம் என்று தாராளமாக வைத்தாலும், அந்த ஒவ்வொரு மாதமும் எண்ணெய், உடன்வருவோன் கூலி, இயந்திரப் பராமரிப்பு, உரிமக் கட்டணம், வீட்டுச் செலவு அனைத்தும் போக 80,000 ரூபாயை எடுத்து ஒதுக்கினாற்றான் வாடையிலும் தவணை நிற்காது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது பழமொழி. தூற்றியதிற் பாதியைக் காற்றில்லாத மாதத்துக்குக் கட்டிவைக்கும் மனவுறுதியும் இத்தொழிலுக்கு வேண்டும்.

அந்த மனவுறுதி இருந்தும் போதாத ஆண்டுகள் வந்தன. 2018இல் ஐந்தாண்டுத் தவணைக்குப் படகு எடுத்தவன் ஒருவனை நினைத்துப் பார்ப்போம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகள், கீழ்க்கரையின் பருவம் தொடங்கும் வேளையிலேயே பயணிகளை விரட்டிவிட்டன. 2020 மார்ச்சிற் கொள்ளைநோய் வந்து நாடே அடைபட்டது. அரசாங்கமும் மத்திய வங்கியும் தவணையை ஒத்திவைக்கச் சலுகை அறிவித்தன. ஆனால் ஒத்திவைத்த வட்டி ஒழியவில்லை, முதலோடு சேர்ந்து பின்னால் வந்து நின்றது. 2022இற் பொருளாதார வீழ்ச்சி. ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டிவீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திற்று. ஆகஸ்டில், இப்படகுகளிற் பலவும் எரிக்கின்ற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிற்று. ஐந்து பருவங்களில் மூன்று பருவங்கள், படகுக்காரனின் குற்றம் யாதொன்றும் இன்றியே கெட்டன. பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஏதென்ஸ் நகரத்துக் கடன்காரர் சுவாதி நட்சத்திரத்தைப் பத்திரத்தில் எழுதினார். மூழ்கிய கலத்தின் நஷ்டத்தைத் தாம் ஏற்றார். அதற்காகவே கூடுதல் வட்டி பெற்றார். கரைவலைச் சம்மாட்டி வெறும் மடியின் நஷ்டத்தில் தன் பங்கை ஏற்றான். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் மக்கள் தம் சமயநெறியால் நன்கு அறிந்த முளாரபா முறையில், முதல் போட்டவர் பணத்தை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார், லாபம் வந்தால் இருவரும் பகிர்வர். இன்றைய லீசிங் பத்திரமோ கடலுக்குரிய உயர்ந்த வட்டியையும் பெறுகின்றது, கடலின் நஷ்டத்தை மாத்திரம் ஏற்க மறுக்கின்றது. பழையோர் ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றைக் கொடுத்தனர். இங்கு ஈடு இல்லாமலே இரண்டும் ஒருவர் பக்கம் சேர்ந்துவிட்டன. அநியாயம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான குறி வேண்டியதில்லை.

ஆகவே அந்த இளைஞனுக்கு யான் சொல்வது இவை. படகு வாங்காதே என்று சொல்லேன்; கடலை அறிந்தவன் கடலாற் பிழைப்பது அவன் பிறப்புரிமை, அந்த வருவாய் வெளியூர் முதலாளிகளுக்கு மாத்திரம் போய்ச் சேர்வது நியாயமும் அன்று. ஆனால் தனியே கடன்பட்டு வாங்காதே. நம்பிக்கைக்குரிய இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து பங்குக்கு வாங்கு. பயணிகளுக்கு மாத்திரம் உதவும் அலங்காரப் படகை விட, பயணி வராத நாளில் வலையும் தூண்டிலும் ஏற்றிச் செல்லத்தக்க படகைத் தேர்ந்தெடு. சித்திரையிலிருந்து புரட்டாசி வரை கூடுதலாகவும் வாடையில் வட்டி மாத்திரமாகவும் கட்டும்படி தவணையை மாற்றித் தருவார்களா என்று கேள். மாட்டோம் என்றால், இரண்டு வாடைக்குப் போதிய பணம் கையில் சேரும்வரை காத்திரு. காப்புறுதி இல்லாமற் கடலில் இறக்காதே. மனைவியின் தாலிக்கொடியையும் இருக்கும் வீட்டையும் பிணையாக வைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடு. கலத்துக்குக் கொடுக்கும் கடனுக்குக் கலமே பிணையாவது உலகம் கண்ட பழைய முறை.

கடன் கொடுப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. விவசாயக் கடனை அறுவடைக்குப் பின் அறவிடலாம் என்று ஒப்புக்கொண்ட இந்நாட்டு வங்கிகளுக்கு, கடலின் அறுவடையும் பருவத்தைச் சார்ந்தது என்பதை ஒப்புக்கொள்வது கடினமாயிருக்க நியாயமில்லை. கடற்றொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் தம் உறுப்பினர்க்காக ஒன்றுசேர்ந்து இதைக் கேட்க வேண்டும். ஒரு தனி மனிதன் கேட்டாற் கிளை மானேஜர் சிரிப்பார், நூறு படகு உடைய சங்கம் கேட்டால் அவர் எழுதிக்கொள்வார். பருவத்துக்கேற்ற தவணையும், நஷ்டத்தில் இருவர்க்கும் பங்கும் எழுதப்பட்ட பத்திரம் வருமாயின், அன்று அந்த இளைஞன் கையொப்பம் இடலாம்; அவன் பெறும் படகும் அவன் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.